சுருக்கக் காணொலியில் இடம்பெறாத நொடிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனத்தில் நின்ற விளையாட்டுத் தருணங்களைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட வாசகர் தொகுப்பை முழுவதும் படித்தேன். கடைசிப் பந்தில் பறந்த சிக்ஸர், கூடுதல் நேரத்தில் விழுந்த கோல், நூலிழையில் முறியடிக்கப்பட்ட ஓட்டச் சாதனை என்று ஏறத்தாழ எல்லாமே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த செயல்களாக இருந்தன. அவற்றின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக விளையாட்டைப் பார்த்தும், அதில் ஒரு பகுதிக் காலம் ஆடியும் வந்த என் நினைவில் தங்கியிருப்பவை வேறு வகையானவை. ஆட்டம் சற்றே நின்றுபோய், ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று மைதானமே காத்திருந்த சில நொடிகள் அவை. அந்த வகைக்குத் தொகுப்பில் ஓர் இடம்கூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1987 உலகக் கோப்பையில், அக்டோபர் 16 அன்று லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 14 ரன் தேவை. கையில் இருந்ததோ ஒரே விக்கெட். கோர்ட்னி வால்ஷ் வீசிய அந்த ஓவரில் அப்துல் காதிர் ஒரு சிக்ஸரும் அடித்து, இறுதிப் பந்தில் 2 ரன் எடுத்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓடிவந்த வால்ஷ் பந்தை வீசாமல் நின்றார். எதிர்முனையில் இருந்த சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு வெளியே போயிருந்தார். ஸ்டம்பைத் தட்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். விதியும் அதற்கு இடம் தந்தது. வால்ஷ் தட்டவில்லை. திரும்பி நடந்துபோய், மறுபடியும் ஓடிவந்து வீசினார். காதிர் 2 ரன் எடுத்தார். அதுவரை நடந்த மூன்று உலகக் கோப்பைகளிலும் இறுதிப் போட்டி வரை சென்றிருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி அந்த முறை அரையிறுதிக்கே தகுதி பெறவில்லை.

அவ்வாறு ரன் அவுட் செய்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பந்து கையை விட்டுப் போகும் வரை கோட்டுக்குள் நிற்க வேண்டியது எதிர்முனை பேட்ஸ்மேனின் கடமை. 2022இல் கிரிக்கெட் விதிகளும் இதை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவிலேயே சேர்த்துவிட்டன. வால்ஷ் செய்தது சரியா, தவறா என்று வாதாடுவதற்காகவும் இதைச் சொல்லவில்லை. கையில் வந்து விழுந்த வெற்றியை ஏற்பதா வேண்டாமா என்று ஒரு மனிதர் எல்லோர் கண்ணெதிரிலும் தனியாக முடிவெடுத்த நொடி அது என்பதே எனக்கு முக்கியம். அந்தப் பந்தில் காதிர் எடுத்த 2 ரன்கள் எந்தப் பக்கம் அடிக்கப்பட்டவை என்பதுகூட இன்று எனக்கு நினைவில்லை. வால்ஷ் நின்ற நிலை மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது.

1980 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்டில் நம் அணித் தலைவர் ஜி. ஆர். விஸ்வநாத், அவுட் கொடுக்கப்பட்டு விட்ட இங்கிலாந்து விக்கெட் கீப்பர் பாப் டெய்லரின் மட்டையில் பந்து படவில்லை என்று நடுவரிடம் எடுத்துச் சொல்லி அவரைத் திரும்ப ஆடவைத்ததும் இதே இனத்தைச் சேர்ந்தது. 58 ரன்னுக்கு 5 விக்கெட் விழுந்த பிறகு சேர்ந்த டெய்லரும் இயன் போத்தமும் 171 ரன் குவித்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

அண்மைக் காலத்தில் என்னை நாற்காலியின் நுனிக்கே கொண்டுவந்தது, 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஆடவர் உயரம் தாண்டுதல். கத்தாரின் முத்தாஸ் பர்ஷிம், இத்தாலியின் ஜான்மார்க்கோ தாம்பேரி இருவரும் 2.37 மீட்டர் வரை ஒரு முறைகூடத் தவறாமல் தாண்டி, 2.39 மீட்டரில் மும்முறையும் தவறியிருந்தார்கள். பர்ஷிம் அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்றும் தங்கம் கிட்டாதவர். தாம்பேரி கணுக்கால் காயத்தால் ரியோவுக்கே போக முடியாதவர். வெற்றியாளரைத் தீர்மானிக்க மேலும் தாண்டலாம் என்று அதிகாரி விளக்கத் தொடங்கியபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாம்பேரி பர்ஷிமின் மேல் தாவி ஏறி அவரைக் கட்டிக்கொண்டார். போட்டியென்றால் ஒருவர்தான் வெல்ல வேண்டும் என்று அப்போது சிலர் முகம் சுளித்ததை நான் அறிவேன். ஒரே உயரத்தை ஒரே வகையில் கடந்த இருவரில் ஒருவர் களைப்பினால் மட்டும் கீழே இறங்குவதில் என்ன நீதி இருக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இனி, நான் ஆடிய ஒன்று. கல்லூரி நாட்களில் ஒரு வாலிபால் இறுதிப் போட்டியின் ஐந்தாவது செட்டில் 13-14 என்று பின்தங்கியிருந்தோம். நான் அடித்த ஸ்மாஷ், வலையருகே தடுக்க உயர்ந்த கைகளான பிளாக்கைக் கடந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் அவுட் என்று கை காட்டியதும் எதிரணியினர் துள்ளிக் குதித்தார்கள். பிளாக்குக்கு எழும்பிய அவர்களுடைய ஆட்டக்காரர் மட்டும் வலைக்கு அருகிலேயே நின்றார். பிறகு கையை உயர்த்தியபடி நடுவரின் மேடைக்குச் சென்று, பந்து தம் விரலில் பட்டது என்றார். அப்படிப் பட்டு வெளியே போனால் புள்ளி அடித்த அணிக்குத்தான். கொண்டாட்டம் அப்படியே அடங்கியது. அவருடைய தலைவர் எதுவும் பேசாமல் அவர் தோளில் கை வைத்தார். புள்ளி எங்களுக்கு வந்தது, 14-14. அதன் பின் ஆடிய ஒவ்வொரு பந்தையும் முன் எப்போதும் ஆடாத கவனத்தோடு ஆடினோம். 17-15 என்று அவர்களே வென்றார்கள். தோற்ற வருத்தம் எங்களில் ஒருவருக்கும் நெடுநேரம் நீடிக்கவில்லை. அவரிடம் கை குலுக்க நாங்கள் வரிசையில் காத்து நின்றோம்.

மறுநாள் செய்தித்தாளில் அந்த ஆட்டம் ஒரே வரியாக வந்தது: அணிகளின் பெயர், செட் கணக்கு. உயர்ந்த அந்தக் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைய சுருக்கக் காணொலிகளும் அப்படித்தான் தயாராகின்றன. பந்து நகராத நேரம் முழுவதையும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ஆகவே தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், சிறிய போட்டிகளின் செய்தியாக இருந்தாலும், இத்தகைய நிகழ்வு நேர்ந்திருந்தால் அதற்கென இரண்டு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தொகுப்புக்கு வாசகர்களிடம் கடிதம் கேட்கும்போது, ஆட்டம் நின்றுபோன நொடிகளையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்