ஒகேனக்கல் பாறை வழியில் நீர்மட்டக் குறியும் அபாயச் சங்கும் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பென்னாகரம் வட்டத்தில் வசிக்கும் ஒரு தாய் (பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: இதே பொருள் குறித்து நான் அளித்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களையும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அவை தங்கள் பார்வைக்கே வராமல் துறைக்குத் துறை சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று நம்பியே நான்காவது முறையாக எழுதுகிறேன்.

தொங்கு பாலம், பரிசல் துறை, நீர் குறைந்த நாட்களில் பரிசல் ஓட்டிகள் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடக்கும் பாறை வழி ஆகியவற்றைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அந்தப் பாறை வழியில்தான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்களும் நடக்கின்றன. என் குறை அந்த நடையைப் பற்றியது மட்டுமே.

1. இங்கே மழை பெய்யாமலே வெள்ளம் வரும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறக்கப்படும் நீர் மேக்கேதாட்டு இடுக்கைத் தாண்டி, மாநில எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு வழியாக நம்மிடம் வந்து சேரும்போது, நம் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இருப்பதில்லை. வெயிலைப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது.

2. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு நாங்கள் நடக்கும் பாறையில் தண்ணீர் கணுக்காலளவா, இடுப்பளவா என்பதை யாரும் சொல்வதில்லை.

3. கடந்த ஆடி மாதத்தில் என் இரு பிள்ளைகளையும் தங்கை மகனையும் அழைத்துச் சென்றேன். போகும்போது ஓரிடத்தில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே கணுக்கால் நனையும் அளவுக்கே தண்ணீர் ஓடியது. அக்கரையில் மருதமர நிழலில் அமர்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூத்தவன் கீழ்ப்பாறையில் கழற்றி வைத்திருந்த செருப்பில் ஒன்று மெல்ல நகர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றதும் மிதந்து போனது. ஐயா, எங்களுக்குக் கிடைத்த வெள்ள அறிவிப்பு அந்தச் செருப்புதான். திரும்பி வருகையில் அதே இடத்தில் தண்ணீர் என் தொடைக்கு மேல் ஏறியிருந்தது. ஆறு வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். ஒன்பது வயது மகன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். தங்கை மகனை மட்டும் எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். மேட்டிலிருந்து பார்த்த பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டி அவனைக் கரை சேர்த்தார். அவர் கத்தியதுகூட எங்கள் காதில் விழவில்லை. என் மகள் இன்றும் குளியலறையில் வாளி நிறையும் சத்தம் கேட்டால் வெளியே ஓடி வருகிறாள்.

4. ஒலிபெருக்கியில் எச்சரிப்பதாகச் சொல்லக்கூடும். கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று பெயர் பெற்ற இடம் இது. சாரலும் இரைச்சலும் அப்படி. ஒலிபெருக்கிச் சத்தம் பாறை இடுக்குக்குள் எட்டுவதில்லை.

5. ஆற்றில் இறங்கவே தடை விதித்துவிட்டால் போயிற்று என்றும் ஓர் அலுவலர் என்னிடம் சொன்னார். தடை விதித்த நாளில் நாங்கள் போவதே இல்லை, ஐயா. தடை அறிவிக்கப்படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் எங்களைக் கொல்லும். 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டு ஆற்றில் நீர்நாயையும் மருதமர வேரையும் எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டுமா? பாறையில் நீர்மட்டக் கோடு தீட்ட ஒரு வாளிச் சிவப்புச் சாயம் வாங்க எத்தனை கோப்புகள் வேண்டும்? மூன்று மனுக்கள் போதவில்லையா? அடுத்த ஆடிப்பெருக்குக்கும் ஊரே இங்கே கூடுமே!

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பது பெரிய பாலமோ கட்டடமோ அல்ல. பாறை வழி தொடங்கும் இடத்திலும் நடுவழிப் பள்ளத்திலும், எந்த அளவுக்கு நீர் வந்தால் திரும்பிவிட வேண்டும் என்பதைக் குழந்தைக்கும் விளங்கும்படி பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளாகப் பாறையிலேயே தீட்ட வேண்டும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியதும், அருவி இரைச்சலை மீறிக் கேட்கும் அபாயச் சங்கை இடுக்கின் உள்ளேயே நிறுவி ஒலிக்கச் செய்ய வேண்டும்.

கோடுகளை மட்டுமாவது ஆடிக்கு முன் தீட்டித் தரும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாறையில் தீட்ட வேண்டும் என்பதை நேரில் வந்து காட்டத் தயாராக இருக்கிறேன். அன்று உதவிய பரிசல்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள்