இறைச்சித் தட்டுகளைக் குளிரில் வையுங்கள்: கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நற்பணிக்குப் பணம் திரட்டச் சீட்டு விற்று, குலுக்கலில் வென்றவருக்குத் தட்டில் பொதிந்த பச்சை இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கிறோமே, கடந்த வெள்ளிக்கிழமை நடந்த அந்த இறைச்சித் தட்டுக் குலுக்கலைப் பற்றியே இம்மடல். அன்று சிட்னியில் அடித்த வெக்கையும், தட்டுகள் மண்டப வாசல் மேசையில் கிடந்த நேரமும் நீங்கள் அறியாதவை அல்ல. உறுப்பினர்கள் சிலர் இதை ஏற்கெனவே உங்களிடம் நேரில் முறையிட்டும் இருக்கிறார்கள்.

அன்றைய முதல் பரிசு, ஓய்வூதியத்தில் தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு விழுந்தது. தாயகத்தில் படிக்கும் பிள்ளைகளின் கல்விக்குப் போகும் பணம் என்பதற்காகவே வாரந்தவறாமல் அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குகிறவர் அவர். ஒரு வாரச் சமையலுக்கு ஆயிற்று என்று மகிழ்ந்து, அந்தத் தட்டை மடியில் வைத்துப் பேருந்தில் வீடு போனார். பொதியைப் பிரித்தபோது கொத்திறைச்சி நிறம் மாறி, கோழி பிசுபிசுத்து நாறியதால், முழுவதையும் குப்பையில் போட்டிருக்கிறார். இதை அவர் யாரிடமும் முறையிடவில்லை. நான் கேட்டபோதுகூட, கழகத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்றுதான் தயங்கினார். அவருடைய அந்தத் தயக்கத்தை நம் மௌனத்துக்குச் சாக்காக்குவது நியாயமில்லை.

ஆஸ்திரேலியா நியூசிலாந்து உணவுத் தர அமைப்பின் வழிகாட்டல் தெளிவானது. எளிதில் கெடும் உணவு 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் இருக்கும் நேரம் முழுவதும் கூட்டிக் கணக்கிடப்படும். 2 மணி நேரத்துக்குள் என்றால் திரும்பக் குளிரில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் வரை என்றால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் எறிந்துவிட வேண்டும். மாலை 5 மணிக்கு மேசைக்கு வரும் தட்டு, 7.30 மணிக்குக் குலுக்கல் முடிந்து, வென்றவர் இரவுணவும் உண்டு 9 மணிக்கு வீடு சேரும்போது அந்த 4 மணி நேரமும் தீர்ந்துவிடுகிறது. பிறகு அதை உறைய வைத்தாலும் கழிந்த நேரம் கழிந்ததுதான்.

"இத்தனை வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்பதே இதுவரை கிடைத்த பதில். பொறுப்பிலுள்ளவர்கள் சொல்லத்தக்க பதிலா இது? நோய்க்கிருமிகள் பெருகிய இறைச்சி எப்போதும் நாறிக் காட்டிக்கொடுப்பதில்லை. சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, நன்றாகக் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. மூதாட்டியின் தட்டு நாறியது அவருடைய நல்ல காலம்.

குலுக்கலை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 1944 முதல் 1948 வரை இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை இருந்த நாடு இது. இங்கே விளையாட்டுக் கழகங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்தே எத்தனையோ நற்பணிகளுக்குப் பணம் திரட்டியிருக்கின்றன. அந்த வழக்கத்தை நம்மவர்களும் கைக்கொண்டதில் எனக்குப் பெருமைதான். கேட்பது ஒன்றே ஒன்று: பரிசு இறைச்சி, வென்றவர் வீட்டுக்குப் புறப்படும் வரை குளிரிலேயே இருக்கட்டும்.

இதற்குப் பெரும் செலவில்லை. மேசையில் தட்டுகளின் படத்தை வைத்துச் சீட்டு விற்கலாம். மண்டபச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அது போதாவிட்டால் ஐஸ்கட்டி நிரப்பிய இரண்டு எஸ்கிப் பெட்டிகள், அதாவது கையில் தூக்கிச் செல்லும் குளிர்காப்புப் பெட்டிகள், போதும். ஒவ்வொரு பொதியிலும் என்ன இறைச்சி, எப்போது வெளியே எடுத்தது என்று எழுதி ஒட்டுவதற்கு ஒரு தொண்டர் போதும். ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கும் பொன்னாடைகளுக்கும் மாதக்கணக்கில் கூடிப் பேசுகிற குழு, இதற்கு ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்காதது மனத்தை வருத்துகிறது. வரவேற்புரைகளில் வாயாரப் புகழப்படும் முதியோர்தான் இந்தத் தட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போகிறவர்கள்.

சொற்கள் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் நீங்கள் செய்யும் உழைப்பை நான் மதிக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக் குலுக்கலுக்கு முன்பே இறைச்சியைக் குளிரில் வைக்க ஏற்பாடு செய்து, அதை அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூதாட்டிக்கு வேறொரு தட்டும் கொடுத்தனுப்புங்கள். எஸ்கிப் பெட்டிகளை வீட்டிலிருந்து கொண்டுவர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கழக உறுப்பினர் ஒருவர்