விமான தூரமும் பயண நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானப் போக்குவரத்து குறைந்த ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் தங்கள் நாளிதழ் அண்மையில் பட்டியலிட்டிருந்தது. தூரக் கணக்கைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. நேரத்தைக் குறித்தே எழுதுகிறேன்.

மிசோரமின் லெங்புய் விமான நிலையத்தையும் நம் வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். புவிப்பரப்பின் மிகக் குறுகிய வழியில் அளந்தால் இடைவெளி சுமார் 1,875 கி.மீ. இதை மணிக்கு 800 கி.மீ. என்னும் ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வருகிறது. ஆனால் அப்படியொரு விமானமே கிடையாது. லெங்புயின் ஓடுபாதை 2,500 மீட்டர் நீளம். அப்துல்லாபுரத்திலோ ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது; பயணிகள் ஜெட் அங்கு இறங்க வழியில்லை. சிறு ஊர்களுக்கு விமான சேவை அளிக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் இங்கு எதிர்பார்க்கப்படுபவை மணிக்கு 400 கி.மீ. அளவில் பறக்கும் சிறு விமானங்கள். ஆள் நிறைந்த நிலையில் அவை இவ்வளவு தூரத்தை இடையில் இறங்காமல் கடக்க இயலாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகளின் உண்மையான வழி வேறு. லெங்புயிலிருந்து கொல்கத்தாவுக்குச் சுமார் 445 கி.மீ., அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 1,390 கி.மீ., பிறகு வேலூர் வரை தரைவழியில் ஏறத்தாழ 130 கி.மீ. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது: நேர்வழியைவிட 90 கி.மீ. மட்டுமே அதிகம். ஆயினும் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலிலிருந்து லெங்புய் வரையிலான 32 கி.மீ. மலைப்பாதை, இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்று காத்திருத்தல், கொல்கத்தாவில் அடுத்த விமானத்துக்கான இடைவெளி, கடைசியாக ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் என எல்லாம் சேர்ந்து அந்த மூன்று மணி நேரத்தைப் பன்னிரண்டாகவோ அதற்கும் மேலாகவோ ஆக்கிவிடுகின்றன. நேரத்தைத் தின்பது தூரமன்று, இணைப்பின்மையே என்பதைப் பட்டியல் காட்டவில்லை.

நலமுடன் பயணிப்பவருக்கு இது சிறு தொல்லைதான். கட்டுப்போட்ட காலுடனோ, சக்கர நாற்காலியிலோ வருபவர் மறுநாள் காலை மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்திருந்தால் நிலைமை வேறு. நள்ளிரவில் வந்து சேர்ந்து, காந்தி ரோட்டு விடுதிகளில் அறை தேடி அலையும் குடும்பங்களை இவ்வூர்க்காரர்கள் அறிவோம்.

எனவே இத்தகைய பட்டியலை இனி வெளியிடும்போது, தூரத்துக்கு அருகிலேயே அத்தடத்தில் நேரடி விமானம் உண்டா, இல்லையெனில் எந்த ஊரில் மாற வேண்டும், இறங்கிய பின் தரைவழிப் பயணம் எவ்வளவு நேரம் என்னும் மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலூரைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து காட்பாடிக்கு வரும் இரவு ரயில்களின் நேரத்தையும் ஓர் ஓரத்தில் குறிப்பிட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்