தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், காய்கறித் தோட்டம் என எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். மகிழ்ச்சி.

அப்புறம், பிள்ளைகள் எழுதிய கவிதைகளை ஒட்டும் கவிதைச் சுவரைப் பற்றிப் பேச வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அறிவித்ததும் கவிதைகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாளில் ‘அகிலம்’ என்ற சொல் இருந்தது. “அப்படியென்றால் என்னம்மா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

நம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற தவிப்பில்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள். பினாங்குப் பாலத்து நெரிசலில் அலுத்து வந்து, இரவில் உட்கார்ந்து உதவுகிறீர்கள் என்பதும் தெரியும். ஆனாலும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெரியவர்கள் எழுதியதையும் கைப்பேசியில் கேட்டு வாங்கியதையும் பிள்ளையின் பெயரில் அனுப்பாதீர்கள். அவற்றைச் சுவரில் ஒட்ட மாட்டோம்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்:

ஃபெரி ஊதும்
பாட்டி சோறு வைப்பார்
அப்பா மோட்டார் வரும்

எதுகை இல்லை, அவன் தாளில் இரண்டு எழுத்துப் பிழை வேறு. ஆனால் அக்கரையில், பட்டர்வொர்த்தில் வேலை முடித்துவரும் அப்பாவுக்காக ஒரு வீடே காத்திருப்பது அந்த மூன்று வரியில் தெரிகிறது. எப்படி எழுதினாய் என்று கேட்டேன். “சாயங்காலம் முதலில் என்ன சத்தம் கேட்கும் என்று அம்மா கேட்டார்” என்றான்.

அந்த அம்மா செய்ததுதான் உதவி. செண்டோல் குடித்தால் முதலில் நாக்கில் என்ன தெரிகிறது, தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் ஏறும்போது கால் என்ன சொன்னது என்று கேளுங்கள். எழுதத் தயங்கும் பிள்ளை வாயால் சொல்லட்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுங்கள். பிறகு அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாத சொல்லைப் பிள்ளையே அடிக்கும். எழுத்துப் பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்கும் அந்தாதி விளையாட்டை மோட்டார் சைக்கிளில் போகும்போதுகூட ஆடலாம்.

மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த ஊரைத் தங்கள் தமிழில் எழுதிப் பார்க்க எனக்கு ஆசை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. விடுமுறையில் பிள்ளைகள் புதிதாக எழுதட்டும். பள்ளி திறந்த முதல் வாரம் கொடுத்தால் போதும். சுவருக்குச் சாயம் பூசிக் கொடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், இத்தனை ஆர்வத்தோடு கவிதை அனுப்பிய உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்