ஸ்டார்ட்டரை மாற்றும் முன்

பாயான் லெப்பாஸ்,
பினாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா நலம். முழங்கால் வலியோடு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறியே தீருவேன் என்று ஏறி முடித்துவிட்டார்.

சரி, உன் படகு மோட்டாருக்கு வருகிறேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, கடையில் எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு, பணத்தைக் கையிலேயே வைத்திரு. அந்த 'டக்' நல்ல செய்தி. சாவி, ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் வேலை செய்தால்தான் சோலனாய்டு, அதாவது ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச், அப்படித் தட்டும். கோளாறு பெரும்பாலும் பேட்டரி, தடித்த கேபிள்கள், சோலனாய்டு, ஸ்டார்ட்டர் பக்கம்தான் இருக்கும்.

என் பழைய மோட்டாரிலும் இதே சத்தம் வந்தது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். ஆனால் சும்மா இருக்கும்போது எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போதுதான் கெட்ட இணைப்பு வெளியே தெரியும். நீ இப்படிச் செய். எஞ்சின் பற்றாமல் இருக்க எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கிளிப்பைக் கழற்று. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வை, கிளாம்பில் வேண்டாம். மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வை. மகனைச் சாவியைத் திருப்பச் சொல், சில விநாடி போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நெகட்டிவையும் எஞ்சினையும் இணைக்கும் எர்த் கேபிள் சரியில்லை. பாசிட்டிவ் பக்கத்தையும் பேட்டரியிலிருந்து சோலனாய்டு, அங்கிருந்து ஸ்டார்ட்டர் என்று துண்டு துண்டாக இப்படியே பார்.

எனக்கு நெகட்டிவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. ரப்பரைச் சீவியதும் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. உப்புத் தண்ணீர் ரப்பருக்குள்ளேயே ஏறிவிடுகிறது. அதனால் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளே வாங்கு, முனையில் சூட்டில் சுருங்கும் பசையுள்ள குழாய் போடு. பத்து மாவுங் படகுத்துறையில் பழைய ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம், ஓடிக்கொண்டே நின்றுவிடுகிறது என்றாயே. பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கில் வயர் எர்த்தைத் தொட்டால் ஸ்பார்க் போய்விடும். சுவிட்சுக்குள் உப்பு படிந்தாலும் அதுவே நடக்கும். அந்த வயரைக் கழற்றிப் பார்த்து ஸ்பார்க் திரும்பினால் சுவிட்ச்தான் குற்றவாளி. ஆனால் சேகர், சோதனை முடிந்ததும் புது சுவிட்ச் போடாமல் கடலுக்குப் போகாதே. நீ தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்து உன் மேலேயே வரும், கீழே புரொபெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். கிளிப்பின் கயிறு எப்போதும் உன் உடம்பில் இருக்கட்டும். இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

எஞ்சின் பற்றியதும் வேகம் ஏற்றி பேட்டரியை அளந்து பார், 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் சரி. ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதே, பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையர் போய்விடும்.

நெகட்டிவ், பாசிட்டிவ் இரண்டு அளவையும் எழுதி அனுப்பு. பள்ளி விடுமுறையில் வருகிறாய் அல்லவா, அந்த ஸ்டார்ட்டரையும் கையோடு கொண்டு வா, பிரித்து கார்பன் பிரஷ்ஷைப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மணியம்