ஊசி போட்டவனுக்கு வோட்டுப் போட்டவர்களுக்கு

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து உறவுகளுக்கு,

பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்து ஐந்து நாளாகிறது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. மாலை போட்டவர்களுக்கும் பட்டாசு கொளுத்தியவர்களுக்கும் அன்றிரவே நன்றி சொல்லிவிட்டேன். இது மற்றவர்களுக்கு.

முதலில் எங்கள் டிஸ்பென்சரி அக்காவுக்கு. இருபத்திரண்டு வருடமாக நம்பர் துண்டு கொடுத்து, மருந்து கட்டி, யார் யார் கடனில் மருந்து வாங்கினார்கள் என்பதை எனக்கே காட்டாமல் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறவர். தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றதும் "அப்ப இந்த ஆளுகள யாரு பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அவரே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மடுவம் போய் என் வேட்பாளர் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம், ஒரு பட்டியலில் 11 பேர், மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம், ஆனால் முதலில் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட வேண்டும் என்று நான் மேடையில் விளக்கியபோது பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அக்கா மருந்து அட்டையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார், விளங்கிவிட்டது.

பிரசாரத்தைப் பொறுப்பெடுத்த தம்பிமாரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்கள், நான் நான்கைத் தாண்டியதில்லை. நோட்டீசை நீட்டினால் பதிலுக்கு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள், என்ன செய்வது? பிரஷர் 190இல் நிற்கிற மனுஷனிடம் போய் இலக்கத்தைச் சொல்லிவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த ஐயாவை ஏற்றிக்கொண்டு கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு ஓடியது எங்கள் ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீலர்தான். ஓட்டிய சிங்களத் தம்பி இதுவரை வாடகை வாங்கவில்லை. மல்லி, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள், பொஹொம ஸ்துதி, ரொம்ப நன்றி.

ஏன் நின்றாய் என்று பலர் கேட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் எழுதிய இருமல் மருந்துக்கு எல்லை இல்லை. மருந்து முடியும், இருமல் திரும்பி வரும், நானும் திரும்ப எழுதுவேன். அந்தப் பிள்ளை இப்போது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அதே காம்பராவிலிருந்து. தகரத்துக்குத் துண்டு எழுத என்னிடம் அதிகாரம் இருக்கவில்லை. பாராளுமன்றத்தின் 225 பேரில் ஒருவனாகப் போய்ச் சேர்ந்தவுடன் தகரம் மாறிவிடும் என்று சொல்கிற அளவுக்கு நான் இன்னும் அரசியல்வாதி ஆகவில்லை, சரி, கேட்கவாவது போகிறேன்.

அப்புறம் கதிரையில் வந்து வாக்குப் போட்ட அந்தப் பாட்டி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவருக்குப் பிரஜாவுரிமையே கிடைத்தது, அதுவரை பிறந்த மண்ணிலேயே நாடற்றவர். என் அப்பாயி 1947இல் வாக்குப் போட்டவர், எங்கள் ஆட்களை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இல்லை, கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டிக்கு நடக்க முடியாது. மகன்மார் இரண்டு பேரும் கதிரையோடு தூக்கி, அட்டைக்கடியும் பாராமல் குறுக்குப் பாதையால் வாக்குச்சாவடிக்கு இறக்கினார்கள், போன மாரியில் என்னிடம் தூக்கி வந்ததும் அதே கதிரையில்தான். மறுநாள் வாக்குச்சாவடியில் மை பூசிய விரலைக் காட்டி, "டொக்டரு, இந்தக் கறைக்கு மட்டும் மருந்து குடுத்திராதீங்க" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

பணம் தந்தவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் நான் வரவுசெலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பள நாளன்று ஐந்நூறு ரூபாயைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துவிட்டு "பேர் எதுக்கு டொக்டர்" என்று போனவர்கள் தயவுசெய்து வந்து பெயரைச் சொல்லுங்கள். பார்மசி நானா, நீங்கள் அடித்துத் தந்த போஸ்டருக்கும் பில் வேண்டும், சிரித்து மழுப்பாதீர்கள்.

என்னை வேண்டாம் என்று வேறு பக்கம் வாக்களித்த என் நோயாளிகளே, யார் யார் என்று ஓரளவு தெரியும், வழக்கம்போல வாருங்கள். இந்த ஊரில் யாரிடம் காய்ச்சலைக் காட்டுகிறோம் என்பதும் யாருக்குப் புள்ளடி போடுகிறோம் என்பதும் வேறு வேறு விஷயம்.

பாராளுமன்றம் கூடுகிற வாரங்களில் நான் கொழும்பில் இருப்பேன். அந்த நாட்களில் டிஸ்பென்சரியில் ஒரு இளம் டொக்டர் தங்கச்சி இருப்பார், நம் தோட்டத்துப் பிள்ளைதான், என்னைவிடப் பொறுமைசாலி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வந்துவிடுவேன். பழைய கார்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். இரத்தத்தில் சீனி பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரவும், பிளேன்டீகூட வேண்டாம்.

உங்கள் டொக்டர்