நெஞ்சறுவை முடிந்தவர் பலமாக இருமட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நுரையீரல் அறுவைக்காக இரண்டு விலாக்களுக்கு நடுவே திறந்தால் வரும் வலி, அறுவை வலிகளிலேயே கொடியவற்றுள் ஒன்று. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா அசைவதால் தையல் போட்ட இடத்துக்கு ஓய்வே கிடையாது. வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா வரும். மார்ஃபினைக் கூட்டினால் வலியோடு மூச்சும் மந்தமாகும். அதனால் அசையாமல் படுத்திருப்பவரிடம் ‘வலிக்கிறதா’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வதில் பயனில்லை. இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து நரம்பை மரக்கச் செய்யும் ஊசி இதற்கு நல்ல வழி. 2016-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட எரெக்டார் ஸ்பைனே பிளாக் (அந்தப் பெயருள்ள முதுகுத் தசைக்கு அடியில் மரப்பு மருந்து செலுத்தும் முறை), கற்க எளிது என்பதால் வேகமாகப் பரவியது. ‘எளிது’ என்ற அந்தப் பெயரே இப்போது கவலை தருகிறது.

நடுமுதுகிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, ஐந்தாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் ஸ்கேன் கருவியின் கைப்பிடியான புரோபை நெடுக்காக வைக்கிறோம். திரையில் ட்ரபீசியஸ், ராம்பாய்டு, எரெக்டார் ஸ்பைனே என மூன்று தசைகள் அடுக்காகத் தெரியும். அவற்றுக்கு அடியில் முள்ளெலும்பின் குறுக்கு நீட்சி சதுரமாக, தட்டையாக நிற்கும். புரோப் இன்னும் வெளியே போய்விட்டால் தெரிவது விலா. அதன் விளிம்பு வளைந்திருக்கும், பக்கத்திலேயே நுரையீரலின் உறையான ப்ளூரா பளிச்சென்று வழுக்கும். இதைக் குறுக்கு நீட்சி என்று நினைத்துக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகலாம். முனை எலும்பைத் தொட்டதும் 2, 3 மி.லி. உப்பு நீர் செலுத்தினால் தசை எலும்பை விட்டு மேலே எழ வேண்டும். தசைக்குள்ளேயே உப்பினால் இடம் தவறு. சரியான இடத்தில்தான் ஒரு பக்கத்துக்கு 20 மி.லி. மருந்து, 5 மி.லி.க்கு ஒரு முறை பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தபடி. ஊசியின் தண்டு தெரிந்து முனை தெரியாவிட்டால் ஊசியைத் தள்ளவே கூடாது. புரோபைச் சாய்த்து முனையைத் தேட வேண்டும். இணைப்புக் குழாயில் காற்று மிச்சமிருந்தால் முதல் அழுத்தத்திலேயே படம் கெட்டுவிடும்.

அளவுக் கணக்கில்தான் அதிகம் தவறுகிறோம். பியூபிவகெயின் என்ற மரப்பு மருந்தின் 0.5%, 20 மி.லி. குப்பியில் இருப்பது 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்பது வழக்கமான எல்லை. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 90 மி.கி. தான். குப்பியை அப்படியே ஏற்றினால் எல்லை தாண்டியாயிற்று. 0.25% ஆக்கினால் அதே 20 மி.லி.யில் 50 மி.கி. மட்டுமே போகும். அறுவை மருத்துவர் தையல் இடத்தில் போடும் மரப்பு மருந்தும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். மருந்து ரத்தத்தில் மிகுந்தால் நாக்கு மரக்கும், காது இரையும், பிறகு வலிப்பு வரும், இதயம் தடுமாறும். முழு மயக்கத்தில் இருப்பவர் முதல் அறிகுறிகளைச் சொல்ல முடியாது. மானிட்டரில் இதயத் துடிப்பு மாறுவதே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். உயிர் காப்பது 20% கொழுப்புக் கரைசல். கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் 50 கிலோக்காரருக்கு 75 மி.லி.யை 2, 3 நிமிடங்களில் செலுத்திவிட்டு, தொடர்ந்து ஏற்ற வேண்டும். அந்தக் கரைசல் அறுவைத் தியேட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். மருந்துக் கிடங்கிலிருந்து வருவதற்குள் காலம் கடந்துவிடும்.

எரெக்டார் பிளாக்கில் மருந்து முன்மார்பு வரை பரவுவது நிச்சயமில்லை. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்கு, முதுகெலும்பை ஒட்டிப் போடும் பாராவெர்டிப்ரல் பிளாக்தான் நம்பகமானது என்பது என் கருத்து. அது ப்ளூராவை ஒட்டிய இடம், பழகிய கை வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அதைப் போடுமுன் இருமுறை யோசிக்க வேண்டும். அறுவைக்குப் பின் அதே பக்கத் தோளில் வரும் வலியை இவற்றில் எதுவும் தீர்க்காது. அது பெரும்பாலும் உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு வழியே வருவது. நோயாளியிடம் முன்கூட்டியே இதைச் சொன்னால் ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்ற மனக்குறை வராது.

ஒற்றை ஊசி அரை நாள் தாங்கினாலே நல்ல பலன். காலையில் போட்டது இரவில் விடும், வார்டில் ஆள் குறைந்த நேரத்தில். வலி வந்தபின் தேடாமல், பாரசிட்டமாலை மணிக்கணக்குப்படி முதலிலிருந்தே கொடுக்க வேண்டும். பெரிய அறுவையென்றால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு இரண்டு, மூன்று நாள் மருந்து செலுத்தலாம். அந்தக் குழாயில் ‘நரம்பு பிளாக்’ என்று பெரிதாக எழுதி ஒட்டாவிட்டால் யாராவது அதில் வேறு மருந்தை ஏற்றிவிடக்கூடும்.

ஒரு கோரிக்கை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் கருவி இருக்கும் இடம் எதுவானாலும் பதிவு வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தேவையானதே. ஆனால் பதிவு வேலைக்குத் தயங்கி, பல மருத்துவமனைகள் தியேட்டருக்கென்று கருவி வாங்காமல் கதிரியக்கத் துறையிடம் இரவல் கேட்கின்றன. கேட்கும் நேரத்தில் அது கிடைப்பதில்லை. நெஞ்சறுவை செய்யும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் தியேட்டர் பெயரிலேயே ஒரு கருவியைப் பதிவு செய்து, அதே அறையில் கொழுப்புக் கரைசலையும் வைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர்,
திருச்சி.